ஏச்சும் எழுத்தும்

மலர்க் குழுவினர் என்னிடம் ஓர் அறிவியல் கட்டுரை கேட்டார்கள். கடற்புல்லைப் பற்றியோ பவளப் பாறையைப் பற்றியோ எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றை எழுதத் தேர்வு விடைத்தாள் இருக்கிறது. ஓராண்டாக என் மனத்தில் கிடந்து உறுத்துவது வேறொன்று. அது வசைச்சொல்! முகத்தைச் சுளிக்க வேண்டா, நண்பர்களே. அச்சேறத் தகாத சொல் எதையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒரே ஒரு சொல்லை மட்டும் எழுதியாக வேண்டும். அதுவும் வள்ளுவர் எழுதிய சொல்தான்.

நான் பிறந்தது பரமக்குடிக்குப் பக்கத்தில், வானம் பார்த்த ஓர் ஊரில். எனக்கு ஏழு வயதானபோது சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, மூன்று பகலும் இரவும் வாந்தியெடுத்து, ஹேடோ துறையில் வந்து இறங்கினோம். அப்பாவுக்கு அங்கே மூட்டை இறக்கும் வேலை. அன்று அந்த நகருக்குப் போர்ட் பிளேர் என்று பெயர். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. மாறியது பலகையில்தான். எங்கள் வாய் இன்னும் பழைய பெயரையே சொல்லுகிறது.

நாங்கள் குடியேறிய தெருவில் ஒரே ஒரு குழாய். கோடையில் சில நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். அந்தக் குழாயடியே எனக்கு முதற் பள்ளிக்கூடம். 2011 கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்கள் 3,80,581 பேர். அவர்களுள் நூற்றுக்கு 28 பேரின் தாய்மொழி வங்காளம், 19 பேருடையது இந்தி, 15 பேருடையது தமிழ், 13 பேருடையது தெலுங்கு. மலையாளமும் நிக்கோபாரியும் ஏறக்குறைய ஏழேழு. இவர்கள் அனைவரும் ஒரு குழாயடியில் குடத்தோடு நின்றால் என்ன நடக்கும்? நான் எந்த மொழியிலும் அ, ஆ கற்குமுன் ஐந்து மொழிகளில் வையக் கற்றுக்கொண்டேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அவற்றில் ஒன்றின் பொருளும் தெரியாது. எந்தச் சொல்லுக்கு யார் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை ஓங்குவார்கள் என்பது மட்டும் தெரியும். சொல்லின் எடையை அறிய அது போதாதா?

அங்கே கண்ட வேடிக்கை ஒன்றைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. இந்தியில் 'சாலா' என்றால் மனைவியின் உடன்பிறந்தான். வங்காளியும் அதையே 'ஷாலா' என்பான். இரண்டு பேருக்கும் அது ஏச்சு. 'உன் அக்காள் தங்கையை நான் கொண்டவன்' என்ற இளப்பம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. தமிழில் அதே உறவுக்காரனை நாம் என்னவென்று அழைக்கிறோம்? மச்சான் என்று, தோள்மேல் கைபோட்டு! மாமன் மகளையும் அத்தை மகளையும் கொள்ளும் வழக்கமுள்ள நமக்கு, பெண்ணைக் கொடுப்பவனும் கொள்பவனும் பிறந்த நாள் முதல் உறவினர். வடக்கே பல சமூகங்களில் பெண் கொடுத்த வீடு ஒருபடி தாழ்ந்த வீடு. அங்கே வசையாகிப்போன உறவு இங்கே கொஞ்சலாக நிற்கிறது. சிறுவனாக இருந்தபோது ஒரு வங்காளிப் பையனிடம் 'சாலாவுக்கு எங்கள் மொழியில் மச்சான்' என்று பெருமையோடு விளக்கப்போய் நான் பட்ட அடி தனிக்கதை.

வீட்டிலும் வசைக்குக் குறைவில்லை. "ஏன்டா வெளங்காத பயலே, சோறு தின்னியா?" என்பதுதான் அப்பா என்னைக் கேட்கும் முறை. ஒரு நாள் அவர் அந்த முன்னடையை விட்டுவிட்டு, "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டார். நான் பயந்துபோய் அம்மாவிடம், "அப்பாவுக்கு உடம்புக்கு என்ன?" என்று கேட்டேன்.

இப்படி வாயிலும் காதிலும் வாழ்ந்த வசைகள் எங்கள் தீவில் எழுத்துக்கு வந்தது அண்மையில்தான். 2020 ஆகஸ்ட் 10-ஆம் நாள் சென்னையிலிருந்து கடலடியாக ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிவடம் திறந்துவைக்கப்பட்டது. அதற்கு முன் செயற்கைக்கோள் வழியாகச் சொட்டுச் சொட்டாக வந்த இணையத்தில் ஒரு படம் இறங்குவதற்குள் சோறு வெந்துவிடும். கம்பிவடம் வந்ததும் எல்லார் கையிலும் வாட்ஸப், எல்லா வகுப்புக்கும் ஒரு குழு. எங்கள் முதுகலை வகுப்புக் குழுவில் பதினெட்டுப் பேர். குழாயடி கைக்குள் வந்துவிட்டது. ஆனால் யாருடைய முகமும் தெரியவில்லை, யாருடைய குரலும் கேட்கவில்லை.

இனி நடந்ததைச் சொல்லுகிறேன். என் வகுப்பில் எனக்கு மிக நெருங்கிய நண்பன் ஒரு மலையாளி. 1921 மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் இங்கே நாடு கடத்தப்பட்ட மாப்பிள்ளைமாரின் வழிவந்தவன். தெற்கு அந்தமானில் காலிகட், மஞ்சேரி, திரூர், வண்டூர் என்று ஊர்கள் இருப்பதே அவர்கள் தம் ஊர்ப்பெயர்களைக் கூடவே கொண்டுவந்ததால்தான். அவன் வீடு பம்பூஃபிளாட்டில். நாங்கள் இருவரும் பர்மாநல்லாக் கரையில் பாறைகளில் வாழும் நத்தைகளைக் கணக்கெடுக்கும் திட்ட வேலையில் கூட்டாளிகள். சதுரச் சட்டத்தைப் பாறைமேல் வைத்து, அதற்குள் இருப்பவற்றை எண்ண வேண்டும். நீர் வற்றும் நேரம் தவறினால் அந்த நாளே போயிற்று.

அன்று பிற்பகல் நான்கு மணிக்கு நீர் வற்றும். சட்டமும் குப்பிகளும் அவனிடம் இருந்தன. நாலரை ஆயிற்று, ஐந்து ஆயிற்று, அவன் வரவில்லை. ஐந்தரைக்கு இங்கே இருட்டிவிடும். பாறைகள் ஒவ்வொன்றாக நீரில் முழுகுவதைப் பார்த்துக்கொண்டே கைப்பேசியை எடுத்து, வகுப்புக் குழுவில், எல்லாரும் காண, "வேளைக்கு வரத் தெரியாதா, மயிரு" என்று தட்டினேன். ஆங்கில எழுத்துகளில்தான் தட்டினேன், எல்லாரும் அப்படித்தான் தட்டுகிறோம்.

அவன் தன் தாய்க்குக் காய்ச்சல் என்று மருத்துவரிடம் ஓடியிருந்தான். கைப்பேசி வீட்டில் கிடந்தது. அது ஒளிர்ந்தபோது எடுத்துப் பார்த்தவர் அவனுடைய அக்காள். அதன்பின் இரண்டு வாரம் அவன் என்னோடு பேசவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரே மேசையின் இரு முனைகளில் இருந்து நத்தைகளை எண்ணினோம். "நாற்பத்திரண்டு" என்று அவன் தாளில் எழுதி என் பக்கம் தள்ளுவான். அவ்வளவே உரையாடல்.

நான் எனக்குள் வழக்காடினேன். அந்தச் சொல்லில் அப்படி என்ன இருக்கிறது? மானம் என்னும் அதிகாரத்தில் வள்ளுவரே இரண்டு குறளில் அதை வைத்திருக்கிறார். அகராதியில் தலை நிமிர்ந்து நிற்கிற சொல். ஈற்றில் ஓர் உகரம் சேர்ந்ததும் அது தெருவுக்கு வந்துவிடுகிறது. 'மசுரு' என்று இன்னும் கொஞ்சம் திரித்தால், பேசுகிறவன் கோபமாக இருக்கிறானா வேடிக்கை பேசுகிறானா என்று ஐயுறும் நிலைக்கு மெலிகிறது. ஒரே சொல், மூன்று எழுத்து வடிவம், மூன்று சூடு. மலையாளத்திலோ இந்தப் படிகள் இல்லை. தலைமுடிக்கு அவர்கள் வேறு சொல் சொல்லிக்கொள்கிறார்கள். இந்தச் சொல் இன்று வேறோர் இடத்துக்குரியதாய், தாய் தமக்கையர் இருக்கும் வீட்டில் வாயெடுக்கக் கூடாத வசையாய் நிற்கிறது.

நான் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தால் அவன் அக்காளால் படித்திருக்க முடியாது. பம்பூஃபிளாட்டில் அது கோடும் வட்டமுமாய் ஒளிர்ந்து அணைந்திருக்கும். ஆங்கில எழுத்தில் எழுதியதால் என் சொல் தன் ஊரையும் மொழியையும் இழந்தது. அந்த வீட்டுக்குள் அது மலையாளச் சொல்லாகவே நுழைந்தது. உச்சரிப்பு இல்லை, பரமக்குடி இழுவை இல்லை, எங்கள் சிரிப்பு இல்லை. ஐந்து மொழிக்காரர் ஒரே எழுத்தில் எழுதும் ஊரில் யாருடைய சொல் யாருடைய மொழியில் போய் விழும் என்று எப்படிச் சொல்வது?

அறிவியல் மாணவன் அல்லவா, ஆராய்ச்சிகளைத் தேடினேன். 2005-இல் அமெரிக்காவில் குரூகர், எப்லி முதலியோர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிலர் கேலியாகவும் மெய்யாகவும் சில செய்திகளை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். பெறுகிறவர் எது கேலி, எது மெய் என்று சொல்ல வேண்டும். நூற்றுக்கு 78 சரியாகப் புரிந்துகொள்ளப்படும் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். புரிந்துகொள்ளப்பட்டது 56. நாணயத்தைச் சுண்டிவிட்டாலே 50 வரும்! எழுதுகிறவன் காதில் அவன் குரல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. படிக்கிறவனுக்கும் அது கேட்கும் என்று நினைத்துவிடுகிறான். 2003-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு பின்னர் ஆங்கிலம் கற்றவர்களின் விரல்களில் மின்முனைகளைப் பொருத்தி, தகாத சொற்களையும் கண்டிப்புச் சொற்களையும் கேட்கவும் பார்க்கவும் செய்தார்கள். உணர்ச்சி வந்தால் தோலில் வியர்வை அரும்பும், மின்சாரம் சற்று எளிதாகப் பாயும். தாய்மொழிச் சொற்களுக்கே தோல் மிகுதியாகத் துடித்தது. குழாயடியில் நான் ஐந்து மொழி வசைகளைக் கற்கண்டு போல் வாயில் உருட்டியதன் காரணம் இப்போது விளங்கியது. என் தோலுக்கு அவை வெறும் ஒலி. கேட்டவர் தோலுக்கு?

புண்படுத்தும் எழுத்தை அளக்கச் சட்டத்தாலும் முடியவில்லை. கடுமையாகப் புண்படுத்தும் செய்தியை அனுப்பினால் சிறை என்றிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, அதன் சொற்கள் வரையறையற்றவை என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. அளவுகோல் இல்லாததை அளப்பது எப்படி?

நம் இலக்கண ஆசிரியர்கள் இந்தச் சிக்கலை முன்பே கண்டவர்கள். அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்லும் வழியைத் தொல்காப்பியர் வகுத்தார். நன்னூலார் அதற்கு இடக்கரடக்கல் என்ற பெயரில் இடம் கொடுத்தார். 'கால் கழுவி வருகிறேன்' என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். இன்றைய இளைஞர் அந்த இலக்கணத்தைத் தொடர்ந்து வளர்க்கிறார்கள் என்பேன். முதலெழுத்தை எழுதிப் புள்ளிகள் வைப்பது ஒரு வகை. நடுவே ஒரு விண்மீன் போடுவது ஒரு வகை. தாயை இழுக்கும் கொடிய வசையொன்று 'ஙொய்யால' என்று உருமாறிச் சிரித்துக்கொண்டே உலவுகிறதே, அது மற்றொரு வகை. மொழி முதலில் ஏறக்குறைய வேலையே இல்லாமல் இருந்த ஙகரத்துக்கு வேலை வாங்கிக் கொடுத்த பெருமை அந்த வசைக்கே உரியது!

இந்தக் கலையில் நம்மை விஞ்சியவர்கள் சீனர்கள். அவர்கள் எழுத்தில் ஒரே ஒலிக்குப் பல வடிவங்கள் உண்டு. அவர்களுடைய தாய்ப்பழி வசையின் வினைச்சொல்லுக்கு உரிய வடிவம் 'நுழை' என்பதன் கீழே 'ஊன்' என்பதை வைத்து எழுதுவது. பார்த்தாலே பொருள் தெரிவதால் அதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. ஒலியில் ஒத்த, 'கையாளுதல்' என்று பொருள்படும் வடிவத்தை எழுதுகிறார்கள். சூடு ஒருபடி குறைகிறது. 'புல்' என்னும் வடிவத்தை எழுதினால் ஏறக்குறைய நம் 'அடச்சே' அளவுக்கு ஆறிவிடுகிறது. 2009-இல் அந்த வசை முழுவதையும் ஒலி ஒப்புமையால் 'புல்-மண்-குதிரை' என்று எழுதி, அப்படி ஒரு விலங்கு இருப்பதாகக் கதை கட்டிப் பாட்டும் பாடினார்கள், தணிக்கையாளரை எள்ளி நகையாட! 'அவன் தாயின்' என்று பொருள்படும் 'தா மா த' என்ற வசையை ஆங்கிலத்தின் டி, எம், டி என்று மூன்றெழுத்தாக்கி இன்னும் மெலிதாக்குகிறார்கள்.

அந்த 'தா மா த'வைப் பற்றி எழுத்தாளர் லூ சுன் 1925-இல் ஒரு கட்டுரையே எழுதி, அதை நாட்டின் தேசிய வசை என்று கிண்டல் செய்தார். கட்டுரையின் முடிவில் ஒரு காட்சி சொல்லுகிறார். ஓர் உழவனும் மகனும் உண்கிறார்கள். மகன் ஒரு பண்டத்தைக் காட்டி, அந்த வசையைச் சேர்த்து, நன்றாயிருக்கிறது, நீ தின்று பார் என்கிறான். தந்தையும் அதே வசையோடு, எனக்கு வேண்டா, நீ தின் என்கிறார். அங்கே அந்தச் சொல்லுக்கு 'என் கண்ணே' என்றே பொருள் என்கிறார் லூ சுன்.

அதைப் படித்தபோது எனக்கு மண்டபம் நினைவுக்கு வந்தது. சென்ற ஆண்டு அங்கே ஒரு மாதப் பயிற்சிக்குப் போயிருந்தேன். நாலு நாள் வீட்டோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் இரவு அப்பாவிடமிருந்து, அவர் வாழ்நாளில் எனக்கு எழுதிய முதற் செய்தி வந்தது. "வெளங்காத பயலே." இரண்டே சொல், பின்னால் ஒரு முற்றுப்புள்ளி. ஆயிரம் தடவை கேட்ட அதே சொற்கள்தான். ஆனால் எழுத்தில், முற்றுப்புள்ளியோடு கண்டபோது நெஞ்சில் சுருக்கென்றது. படிப்புக்கு வாங்கிய கடனைப் பற்றி யாராவது வந்து பேசியிருப்பார்களோ, நான் உருப்படமாட்டேன் என்று முடிவே கட்டிவிட்டாரோ என்று இரவெல்லாம் புரண்டேன். விடிந்ததும் அழைத்தேன். "அதத்தானடா நா தெனமும் சொல்றேன்?" என்று சிரித்தார். ஐந்தாவது வரை படித்தவர். ளகரத்தைத் தேடிப் பிடிக்க அரைமணி ஆயிற்றாம். அந்தப் புள்ளி எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது.

பெரியவர்கள் வசையென்றே கருதாத சொல்லும் குத்தும். 'புறம்போக்கு' என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். தீர்வை விதிக்கப்படாத அரசு நிலத்துக்கு வருவாய்த் துறை இட்ட பெயர் அது. எட்டாம் வகுப்பில் ஒருவன் அதைக் கரும்பலகையில் என் பெயருக்கு நேரே எழுதினான். வகுப்பே சிரித்தது. எங்கள் வீடு நின்றது பட்டா இல்லாத நிலத்தில். வாயால் சொல்லியிருந்தால் திரும்பச் சொல்லி முடித்திருப்பேன். எழுத்து, ஆசிரியர் வந்து அழிக்கும்வரை அங்கேயே நின்றது.

அந்தக் கரும்பலகை நினைவுக்கு வந்த நாளில்தான் என் வழக்காடலை நிறுத்தினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாத்தம் துறையில் படகேறிப் பம்பூஃபிளாட் போனேன். அவன் வீட்டில் இல்லை. உம்மா பத்திரியும் தேநீரும் வைத்தார். காய்ச்சல் தீர்ந்திருந்தது. "நீங்கள் இருவரும் எதற்குப் பிணங்கியிருக்கிறீர்கள்?" என்று மலையாளத்தில் கேட்டார். என்ன சொல்வேன்? மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் குற்றத்தைச் சொல்ல வேண்டும். குற்றத்தைச் சொல்ல வேண்டுமானால் அந்தச் சொல்லை மீண்டும் சொல்ல வேண்டும்! "எழுதக் கூடாத ஒன்றை எழுதிவிட்டேன், உம்மா" என்றேன்.

கதவருகே நின்ற அக்காள், "எங்கள் மொழியில் அது என்னவென்று உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

'தமிழில் அது சிறிய சொல், இத்தாத்தா' என்ற விடை நாக்கு நுனிவரை வந்தது. இரண்டு வாரமாகச் செதுக்கி வைத்திருந்த விடை. ஆனால் குழாயடியில் வளர்ந்தவன் நான். அந்தச் சொல்லுக்கு எந்த மலையாளி குடத்தைக் கீழே வைப்பான் என்பது எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். நேரில் சொன்னபோதெல்லாம் அவன் சிரித்தது, சுற்றியிருந்தவர்கள் சிரித்ததால்தான் என்பதும் எங்கோ தெரிந்திருந்தது.

"தெரியும், இத்தாத்தா" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் குவளையை எடுத்துப்போய் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

திரும்பும் படகில் பொழுது சாய்ந்துவிட்டது. கைப்பேசி ஒளிர்ந்தது. அவன்தான். ஒரே சொல், ஆங்கில எழுத்தில்: "சாலா". புள்ளி இல்லை, சிரிக்கும் முகம் இல்லை, முன்னும் பின்னும் ஒன்றும் இல்லை. குழாயடிச் சாலாவா, நான் ஒருகாலத்தில் விளக்கப்போய் அடிவாங்கிய மச்சானா? படகு துறையில் முட்டி நின்று, பின்னால் நின்றவர் "உத்ரோ பாய்" என்று தோளைத் தட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நீர் வற்றும் நேரம் பிற்பகல் மூன்றே முக்கால். மூன்றரைக்குப் பர்மாநல்லா போனேன். முழங்கால் நீரில் சட்டத்தோடு நின்றுகொண்டிருந்தான். "மணி என்ன?" என்றான்.